சர்வரைப் படுக்கவைத்த ஆயுத பூஜை

சங்ககிரியில் என் தம்பி ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறான். போன மாதம் அங்கே போயிருந்தபோது, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் வந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டியை மேஜைமேல் வைத்தார். "இதுக்குள்ள ஒண்ணுமே இருக்காதுங்க சார். டிஸ்க்கே கிடையாது. விண்டோஸ், ஃபைல் எல்லாமே சர்வர்லதான். எந்த சீட்ல வேணா உக்காருங்க, உங்க ஸ்கிரீன் உங்களத் தேடி வரும். இப்பத்தான் புதுசா வந்திருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி என்னை முறைத்தான்.

அவர் போன பிறகு, "ஏக்கா, அந்தாளு பொழப்புக்காகப் பேசறான். எதுக்கு அந்தச் சிரிப்புச் சிரிச்ச?" என்றான்.

"அவன் புதுசுன்னு சொன்னதை நான் எப்பவோ ஓட்டிப் பாத்தாச்சுடா."

"அப்ப அதை எழுதி வெய்யி. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சொல்லி எங்க காது புளிச்சுப்போச்சு."

அதனால் எழுதுகிறேன். வேடிக்கையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். என்னோடு வேலை பார்த்த அங்கமுத்து அண்ணன் நினைவுக்கு வந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

நான் படித்த கதை சுருக்கம். மல்லசமுத்திரத்தில் தட்டச்சு, சேலத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமோ, அப்புறம் வேலை கிடைக்காமல் அலைந்த ஒரு கோடைக்காலம். இளம்பிள்ளையில் சேலை உற்பத்தி செய்யும் கம்பெனி ஒன்றில் பில் போட ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரைக்கும் அந்த இரண்டு பஸ்தான்.

அந்தக் கம்பெனிக்குத் தறிகள் ஊரெல்லாம் வீடுகளில் ஓடின. ஆபீஸில் நடந்தது டிசைன் வேலை. சேலையில் வரும் அன்னம், மாங்காய், கொடி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, தறிக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒரு கட்டம் பிசகினால் ஒரு நூல் பிசகும். அதைக் கவனிக்காமல் தறிக்கு அனுப்பிவிட்டால் அத்தனை சேலையிலும் அதே பிசகு நெய்து வரும்.

இளம்பிள்ளையில் டிசைன் திருட்டு என்பது சின்ன விஷயம் இல்லை. தீபாவளிக்கென்று ஒருவர் யோசித்து வைத்த பார்டர், அவர் கடைக்கு வரும் முன்னால் பக்கத்துத் தெருவில் தொங்கும். அப்படி இரண்டு தடவை சூடுபட்ட பிறகுதான் எங்கள் முதலாளி சென்னைக்குப் போய், டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டர்களாகப் பார்த்து வாங்கி வந்தார். எந்தக் கம்ப்யூட்டருக்கும் டிஸ்க் கிடையாது, பிளாப்பி போடும் வாயும் கிடையாது. எடுத்துக்கொண்டு போக அதற்குள் எதுவும் இல்லை. எல்லாம் உள்ளறையில் இருந்த ஒரே ஒரு சர்வரில். விண்டோஸே அங்கிருந்துதான் கம்பி வழியாக ஒவ்வொரு சீட்டுக்கும் வரும். "எங்க கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போனாலும் வெறும் தகரந்தானுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார்.

சென்னைக்காரர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார். பில் போட வந்த நான் அவரிடம் கேள்வி கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டதால் அந்தச் சர்வர் என் தலையில் விழுந்தது. நானும் அதை விரும்பித்தான் தாங்கினேன்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் போவேன். முதலில் சர்வர் அறை. ஏசி ஓடுகிறதா, யூபிஎஸ் விளக்கு பச்சையா, சர்வர் திரையில் ஏதாவது புகார் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிசைன் ஹாலுக்கு வருவேன். கம்ப்யூட்டர்களை வரிசை வரிசையாகத்தான் போட வேண்டும். முதல் வரிசை முழுக்க விண்டோஸ் வந்து நின்ற பிறகு அடுத்த வரிசை. எல்லோரும் ஒரே நேரத்தில் சுவிட்சைத் தட்டினால், பந்தியில் அத்தனை பேரும் ஒட்டுக்காகச் சோறு கேட்ட மாதிரி, ஒருவருக்கும் வந்து சேராது. கறுப்புத் திரையில் சர்வரைத் தேடுகிறேன், தேடுகிறேன் என்று வெள்ளை எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போய் வந்த உடனே எவராவது பொறுமை இல்லாமல் சுவிட்சில் கை வைத்தால் நான் போட்ட சத்தம் தெருமுனை டீக்கடைக்குக் கேட்கும். "செல்வி கத்துது, கரண்டு வந்துருச்சு" என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வார்களாம்.

அந்தக் காலத்துக் கம்பிக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரே கேபிள்தான் எல்லா சீட்டையும் தொட்டுக்கொண்டு போகும். அதன் இரண்டு கோடியிலும் விரல் நுனி அளவுக்கு ஒரு மூடி இருக்கும். மூடி கழன்றால் அவ்வளவு பேரும் நின்றுவிடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அப்படித்தான் ஹால் முழுக்க அசையாமல் உறைந்துபோய்விட்டது. நான் சர்வரைப் பார்க்கிறேன், நன்றாக ஓடுகிறது. கேபிளைத் தடவிக்கொண்டே கடைசி மேஜை வரைக்கும் போனால், கோடியில் மூடியைக் காணோம். கூட்டிப் பெருக்கும் பாப்பாத்தி அக்கா பின்கட்டில் குத்தவைத்து, குத்துவிளக்கோடு அதையும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"என்னக்கா பண்றீங்க?"

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா கறுத்துக் கெடந்துச்சு கண்ணு. திருகுனேன், வந்துருச்சு. வெளக்கு மாதிரி பளிச்சுனு ஆக்கித் தாரேன் இரு."

திட்ட வாய் வரவில்லை. துடைத்து, வெயிலில் காயவைத்து மாட்டினேன். அன்றிலிருந்து வியாழக்கிழமை மாலையே அந்த மூடிமேல் ஒரு துணி சுற்றிவிட்டுத்தான் கிளம்புவேன்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு ஆபீஸுக்குள் வெறுங்காலோடுதான் நடப்பார். காலையில் வந்ததும் சர்வர் அறைக்குப் போய் அந்தப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஓடுதா சாமி?" என்பார். என்னைக் கேட்கிறாரா, அதைக் கேட்கிறாரா தெரியாது. நான் "ஓடுதுங்க" என்பேன். அவர் ஒரு நாளும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததில்லை. எது கேட்டாலும் முழுக்கக் காதுகொடுத்துக் கேட்பார். கேட்டு முடித்து, "பாத்துக்கலாம்" என்றால் அது நடக்காது என்று அர்த்தம். இல்லை என்ற சொல் அவர் வாயில் வராது. சர்வருக்கு இரண்டாவதாக ஒரு டிஸ்க் போட்டு வைக்கலாம், ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும் என்று வருஷா வருஷம் கேட்டேன். வருஷா வருஷம் பாத்துக்கலாம்.

அங்கமுத்து அண்ணன்தான் தலைமை டிசைனர். கிராஃப் தாளில் பென்சிலால் கட்டம் நிரப்பிய நாளிலிருந்து அங்கே இருந்தவர். கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் முணுமுணுக்க, அவர் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டார். எல்லோரையும்விடச் சின்னவளான என்னைக்கூட "அம்மணி" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள், "அம்மணி, இந்த எழுத்தக் கொஞ்சம் பெருசாக்கிக் குடுங்க" என்றார். செய்து கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து, இன்னும் பெரிதாக வேண்டும் என்றார். அப்புறம் வெள்ளைத் திரை கூசுகிறது, கறுப்பாக்குங்கள் என்றார். அம்புக்குறி கண்ணில் படமாட்டேன் என்கிறது என்றார். அதையும் பெரிதாக்கினேன். வயதாகிறது, கண்ணாடி மாற்ற வேண்டியதுதானே என்று உள்ளுக்குள் அலுத்துக்கொண்டேன். ஒரு நாள் டீ டம்ளரை நீட்டினேன். அவர் கை டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு ஜாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது. டம்ளரை நகர்த்தி அவர் கைக்குள் வைத்தேன்.

மற்றவர்கள் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்துக் கேட்டேன். மறைக்கவில்லை.

"சக்கரைங்க அம்மணி. ஒரு கண்ணு போயிருச்சு. இன்னொண்ணுல பொகை மூடுனாப்பல இருக்குது. போனத மீட்க முடியாது, இருக்கறதக் காப்பாத்திக்கன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க."

"முதலாளிக்குத் தெரியுங்களா?"

"தெரிஞ்சா?" என்றார். "எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க. ஊட்ல உக்காந்தன்னா செத்துருவேன். டிசைனு மனசுல இருக்குது அம்மணி. கண்ணு அதச் செரி பாக்கறதுக்குத்தான்" என்றார். கெஞ்சுகிற குரல் இல்லை. டீ ஆறிவிட்டது என்று சொல்லுகிற மாதிரி சொன்னார்.

நான் செய்தது இதுதான். எங்கள் அமைப்பில் ஒவ்வொருவருடைய விண்டோஸ் ஏற்பாடும் சர்வரில் அவரவர் பெயரில் இருந்தது. அங்கமுத்து அண்ணன் பெயரில் இருந்ததை உட்கார்ந்து செதுக்கினேன். கறுப்பு நிலம், மஞ்சள் கோடு, கட்டைவிரல் பருமனில் எழுத்து, கட்டங்கள் தாயக்கட்டம் அளவுக்கு. எங்கள் ஹாலில் யாருக்கும் நிரந்தர சீட் கிடையாது. முதலில் வருகிறவர் காற்றாடிக்குக் கீழே உட்காருவார். அண்ணன் எந்த நாற்காலியில் உட்கார்ந்து பெயரை அடித்தாலும் அவருடைய மஞ்சள் கோடு அங்கே வந்து நிற்கும். அடுத்த நாள் அதே சீட்டில் வேறு ஒருவர் உட்கார்ந்தால் அப்படி ஒன்று இருந்த தடமே தெரியாது.

பின்னால் யாராவது வந்து நின்றால் என்ன செய்வது? அதற்கும் வழி வைத்தேன். விசைப்பலகையின் மேல் வரிசையில் எட்டாவது விசையைத் தட்டினால் டிசைன் சுருங்கி எல்லோர் திரையும் போல ஆகிவிடும். மறுபடி தட்டினால் பெரிதாகும். அண்ணனுக்குக் காது கூர்மை. நடைச் சத்தத்திலேயே யார் என்று தெரிந்துகொண்டு விசையைத் தட்டுவார். சுருங்கிய திரையில் அவருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனாலும் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு தடவை முதலாளி வெறுங்காலோடு வந்து, சத்தமே இல்லாமல் பின்னால் நின்றுவிட்டார். வேட்டி உரசியதில் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. தட்டிவிட்டார். "அங்கமுத்து, இந்த அன்னத்துக்கு மூக்கு என்ன செகப்பா இருக்குது?" என்றார் முதலாளி.

"பார்டர்ல கொடி செகப்புங்க முதலாளி. முந்தியில அந்தச் செகப்பு எங்கயாச்சும் ஒரு எடத்துல தலகாட்டோணும். இல்லாட்டி முந்தி தனியா, பார்டர் தனியா நிக்கும்" என்று திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முதலாளி தலையாட்டிவிட்டுப் போனார். எனக்குத்தான் வியர்த்துவிட்டது.

தறிக்குப் போகும் முன்னால் அவருடைய டிசைனை நான் ஒருமுறை கட்டம் கட்டமாகச் சரிபார்ப்பேன். அது எங்கள் இருவருக்குள் ஒப்பந்தம். பிசகு கண்டுபிடித்துச் சொன்னால் திருத்துவார், அநேகமாக இருக்காது. அவர் கையிலிருந்து ஒரு தப்பும் தறிக்குப் போகவில்லை. நான் மறைத்தது சரியா என்று பிற்பாடு என்னைக் கேட்டவர்கள் உண்டு. சரிதான். இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு எந்த இயந்திரமும் ஓடாது. லாரி, போர் போடும் ரிக் வண்டி, தறி, தையல் மிஷின், எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துப் படுக்கவைத்துவிடுவார்கள். மறுநாள் நல்ல நேரம் பார்த்துத்தான் எழுப்புவார்கள். சர்வரை மட்டும் நான் விடுவதில்லை. ஓட ஓடவே பொட்டு வைப்போம். "அது ஓடட்டும், சாமிக்குத் தெரியும்" என்று முதலாளியும் விட்டுவிடுவார். வருஷக்கணக்கில் நிற்காமல் சுழன்றுகொண்டிருந்த டிஸ்க் அது. சூட்டோடு ஓடுகிறவரை ஓடும். நிறுத்தி ஆறவைத்தால் உள்ளே ஒட்டிக்கொண்டு மறுபடி சுழலாமலே போகலாம் என்பது இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரிந்த பயம்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில், சேலை ஏற்றிக்கொண்டு போன எங்கள் வேன் சங்ககிரி தாண்டிக் கவிழ்ந்துவிட்டது. டிரைவர் அங்கேயே போய்விட்டார். முதலாளி அதிலிருந்து பழைய ஆளாக இல்லை. சாப்பாடு குறைந்துவிட்டது. குறி கேட்கப் போன இடத்தில், பூஜைக்குப் படுக்காத மிஷின் ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று சொன்னார்களாம்.

"இந்த வருசம் எல்லாமே ஒரு நா படுக்கட்டுஞ்சாமி" என்றார் என்னிடம்.

டிஸ்க் சங்கதியைச் சொன்னேன். ஒட்டிக்கொண்டால் ஹாலில் ஒரு கம்ப்யூட்டரும் எழுந்திருக்காது, தீபாவளி டிசைன் பாதியில் நிற்கிறது, இரண்டாவது டிஸ்க் வாங்கிப் போட்ட பிறகு வேண்டுமானால் படுக்கவைக்கலாம் என்றேன். குறுக்கே பேசாமல் கேட்டார். சர்வரைப் பார்த்தார். "பாத்துக்கலாம்" என்றார்.

டிஸ்க் வராது, சர்வர் படுக்கத்தான் வேண்டும் என்று புரிந்துகொண்டேன். பூஜைக்கு முந்தின நாள் சர்வரில் இருந்த எல்லாவற்றையும் டேப்பில் நகல் எடுத்து, எடுத்ததைப் படிக்க முடிகிறதா என்றும் பார்த்துவிட்டேன். சாயங்காலம் ஒவ்வொரு சீட்டாக வெளியே வந்தார்கள். சர்வர் திரையில் உள்ளே இருப்போர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து சுழியானது. நிறுத்தச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். அது ஓடுகிற சத்தத்தை நான் கேட்காமல் இருந்த நாள் கிடையாது. அது இறங்கி இறங்கி நின்றதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாப்பாத்தி அக்கா சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டு, "என்ன கண்ணு, தூங்கத்தான வெக்கறோம்" என்றது.

பூஜை முடிந்த மறுநாள் நல்ல நேரத்தில் எல்லோரும் கூடினார்கள். முதலாளியின் மகன், சின்னவர் என்போம், கோயமுத்தூரில் படிப்பு முடித்து அந்த வருஷம்தான் கம்பெனிக்கு வந்திருந்தார். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, என்னை சுவிட்சைப் போடச் சொன்னார்கள். காற்றாடி சுழன்றது. விளக்கு எரிந்தது. டிஸ்க் டக் என்றது. கொஞ்சம் நின்று இன்னொரு டக். அவ்வளவுதான். ஹாலில் எல்லாத் திரையிலும் சர்வரைத் தேடுகிறேன் என்ற வெள்ளை எழுத்து.

கழற்றிக் கையில் வைத்து மணிக்கட்டைச் சட்டென்று திருப்பிப் பார்த்தேன். சில சமயம் அந்த அசைவில் ஒட்டு விடும். வெயிலில் வைத்துச் சூடேற்றி மாட்டினேன். மறுபடி டக். மறுபடி திருப்பினேன். கோயமுத்தூரில் தெரிந்த ஒருவரைப் போனில் கேட்டேன். "அது முடிஞ்சுதுங்க மேடம், புதுசு போடுங்க" என்றார். அதற்குப் பொருத்தமான டிஸ்க் பெங்களூரிலிருந்து வர வேண்டும்.

முதலாளி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாந்தான் படுக்க வெச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

சர்வர் எழாமல் எங்கள் டேப் கருவி உதவாது. சேலத்தில் ஒரு அச்சகத்தில் எங்களுடையது போலவே டேப் கருவி இருந்தது. அங்கே போய் டிசைன்கள் அத்தனையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு கட்டம்கூடக் குறையவில்லை. ஆனால் நான் திரும்பி வருவதற்குள் சின்னவர் முடிவு செய்திருந்தார்.

"டிஸ்க் வெச்ச கம்ப்யூட்டரே வாங்கிரலாம்பா. ஆளுக்கு ஒண்ணு. ஒண்ணு படுத்தா ஒண்ணோட போகும். இந்த சர்வர் கதையே இனி வேண்டாம்."

"புது டிஸ்க் வந்துரும். ரெண்டு மூணு நாள் குடுங்க தம்பி. எல்லாத்தையும் பழையபடி எழுப்பித் தாரேன்" என்றேன்.

"அக்கா, தறிக்காரங்க தீபாவளிக்கு டிசைன் கேட்டு வாசல்ல நிக்கறாங்க. ரெண்டு நாள் தறி நின்னா நான் என்னங்க பதில் சொல்றது?"

நியாயம்தான். அதற்கு மேல் எனக்கு வாதம் இல்லை. இருந்த ஒரே வாதம் ஹாலில் மூன்றாவது நாற்காலியில், எரியாத திரைக்கு முன்னால் விசைப்பலகையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. முதலாளி முகத்தைப் பார்த்தேன். அவர், "தம்பி சொல்றபடியே செய்யுங்க சாமி" என்றார். முதல் தடவையாகப் பாத்துக்கலாம் என்று சொல்லவில்லை.

சாயங்காலமே சேலத்திலிருந்து பெட்டிகள் வந்து இறங்கின. புது விண்டோஸ், புது டிசைன் மென்பொருள். திரை கூர்மை என்று எல்லோரும் மெச்சினார்கள். கூர்மை என்றால் எழுத்து எறும்பு போல. சின்னவர் ஒவ்வொரு மேஜையிலும் பெயர் ஒட்டி, இனி இவருக்கு இதுதான் என்றார். மறுநாள் காலையில் நான் முன்னதாகவே போய் அண்ணனுடைய கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிதாக்கி, நிலத்தைக் கறுப்பாக்கினேன். எட்டாவது விசை இதில் வேலை செய்யாது, ஒரு வாரம் பொறுங்கள், வேறு வழி செய்கிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். "செரிங்க அம்மணி" என்றார். அப்புறம் பழைய கேபிளைச் சுருட்டி வைக்க சர்வர் அறைக்குள் போனேன்.

நான் உள்ளே இருந்தபோது சின்னவர் ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். அண்ணன் டீக்குப் போயிருந்த நேரம். இதென்ன இத்தனை பெரிதாக யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று, உதவியாக நினைத்து எல்லாவற்றையும் பழையபடி திருப்பிவிட்டிருக்கிறார். சர்வர் இருந்தவரைக்கும் அதை என்னைத் தவிர யாரும் தொட முடியாது. இப்போது அந்த நாற்காலியில் உட்காருகிற எவரும் தொடலாம்.

அப்புறம் நடந்ததை எனக்குப் பாப்பாத்தி அக்காதான் முழுக்கச் சொன்னது. அண்ணன் திரும்பி வந்து உட்கார்ந்தார். திரை வெளுத்துக் கிடந்தது. எழுந்து என்னைத் தேடி வருவதற்குள் சின்னவர் பின்னால் வந்து நின்றுவிட்டார். மற்ற டிசைனர்களும் தலைமை டிசைனர் புது மென்பொருளை எப்படி ஓட்டுகிறார் என்று பார்க்கச் சூழ்ந்துகொண்டார்கள். நடைச் சத்தம் கேட்டதுமே அண்ணனுடைய விரல் எட்டாவது விசைக்குப் போய்விட்டது. கைப்பழக்கம் யார் சொன்னாலும் கேட்காது. புது மென்பொருளில் அந்த விசைக்கு, எடுத்து வைத்த நிறத்தைத் திரை முழுக்க ஊற்றுவது என்று அர்த்தம். எடுத்து வைத்திருந்த நிறம் சிவப்பு. அன்னம், கொடி, பார்டர் எல்லாம் போய்த் திரை முழுக்க ஒரே சிவப்பு.

"முந்தானைய வெளக்கிச் சொல்லுங்கண்ணா" என்று சின்னவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். அண்ணன் சொல்ல ஆரம்பித்தார்.

நான் அறையை விட்டு வெளியே வந்தபோது ஹாலில் அண்ணன் குரல் மட்டும்தான். விரலை அந்த வெற்றுச் சிவப்பின்மேல் வைத்து, "இங்க பாருங்க சின்னவரே, இந்த அன்னம் இடது பக்கம் திரும்புது, அதுக்கு எதுத்தாப்பல இது வலது பக்கம். நடுவுல இந்தக் கொடி ரெண்டையும் சேத்துப் புடிக்குது. இந்த எல சித்த மெலிசா இருக்குதே, அது வேணும்னே வெச்சதுங்க" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். விரல் சரியான இடத்தில்தான் போய் நின்றது. அங்கே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். சுற்றி நின்ற ஒருவரும் அசையவில்லை. சின்னவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணா, போதுங்கண்ணா" என்று போய்த் தோளைத் தொட்டேன். என் குரல் இருந்த விதத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. விரலைத் திரையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

முதலாளி எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வெறுங்காலோடு கதவருகே நின்றிருந்தார். வந்து, "வாங்க அங்கமுத்து, டீ குடிக்கலாம்" என்று அவர் கையைப் பிடித்து எழுப்பி, மேஜைகளுக்கு நடுவே மெல்ல நடத்திக்கொண்டு போனார். அண்ணன் தினமும் தானாக நடந்துபோன வழிதான் அது.

வேலையை விட்டு நிறுத்தவில்லை. கிடங்கில் சேலை மடிக்கும் இடத்தில் உட்காரச் சொன்னார்கள். அண்ணன் சில நாள் வந்து, பெண்களோடு உட்கார்ந்து சேலை மடித்தார். அப்புறம் வரவில்லை. அந்தத் தீபாவளி டிசைன் டேப்பிலிருந்து எடுத்தபடியே தறிக்குப் போய், நன்றாகவும் விற்றது. முதலாளி ஒரு நாள் வெறும் சர்வர் அறையில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார்.

"அங்கமுத்து கண்ணு போனது உனக்குத் தெரியுமில்ல சாமி. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?"

சர்வர் இருந்த இடத்தைப் பார்த்தார். "பாத்துக்கலாம்னு சொல்லியிருப்பேன்" என்றார். அவரிடம் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அன்றைக்குப் போய்விட்டது. மீதி இன்னும் இருக்கிறது.

தீபாவளி கழிந்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். தறிச் சத்தம் கேட்கும் தெருவில் ஓட்டு வீடு. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றும்போதே, "அம்மணி வாங்க" என்றார். அவர் மனைவி முறுக்கும் காபியும் கொண்டுவந்து வைத்தார். டிசைன் நன்றாகப் போனதைச் சொன்னேன். சந்தோஷம் என்றார். கம்பெனியைப் பற்றியோ முதலாளியைப் பற்றியோ ஒரு சொல் கேட்கவில்லை. அவர் மனைவி உள்ளே போகும் வரைக்கும் காத்திருந்தார்.

"அன்னிக்கு, நீங்க வந்து தோளத் தொடற வரைக்கும், நான் ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தனுங்களா?"

"இல்லீங்கண்ணா. செத்த நேரந்தான்" என்றேன்.

தலையை ஆட்டினார். நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கட்டிலின் சட்டத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"எல்லாருமே நின்னுக்கிட்டுத்தான் இருந்தாங்க. மூச்சு வுடறது எனக்குக் கேட்டுது. நல்லாருக்குதுன்னுதான் பேசாம நிக்கறாங்கன்னு நெனச்சு, இன்னும் இன்னும் சொன்னனுங்க அம்மணி. அதுல ஒருத்தன் சிரிச்சிருந்தாக்கூட நான் நிறுத்தியிருப்பனுங்க."